பிடிமண்ணை முன்னதாகக் கொடுங்கள்: புரவியெடுக்கும் ஊர்களின் நாட்டாருக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுச் சுற்றுவட்டாரத்தில் அய்யனாருக்குப் புரவியெடுக்கும் ஊர்களின் அம்பலகாரர்களுக்கும், நாட்டார் பெருமக்களுக்கும், விழாக் குழுவினருக்கும், விழாவுக்கென்றே சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவு போட்டு வரும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

கேட்க வந்தது ஒன்றுதான். மண்குதிரை செய்யச் சொல்லி மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் பிடிமண் கொடுக்கும் நாளை, அந்தக் குதிரைகளைத் தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகும் புரவியெடுப்பு நாளுக்கு 60 நாள் முன்னால் வையுங்கள். அதற்குக் குறைந்தால் புரவியை மண்ணால் செய்யச் சொல்லாதீர்கள்.

ஊர்க் கூட்டங்களில் வருகிற குறைகளை நாங்களும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். மந்தையில் தொடங்கினால் கோயில் வாசல் வரை நீளுகிற வரிசை இப்போது இல்லை என்கிறீர்கள். பாதி வழியில் கால் ஒடிந்தது, பொட்டலில் வைத்த இடத்திலேயே கழுத்து விரிந்தது, வேளார் வேலை முன்போல் இல்லை என்கிறீர்கள். சிறுவயதில் தோளில் துண்டை முறுக்கிப் போட்டுக்கொண்டு புரவிக்குப் பின்னால் ஓடியவர்கள்தான் இன்று குழுவில் இருக்கிறீர்கள். அப்போது பார்த்த புரவிக்கும் இப்போது பார்க்கிற புரவிக்கும் வித்தியாசம் தெரிவது இயல்பு. ஆனால் அதற்குக் காரணம் கை அல்ல, நாள். பல ஊர்களில் பள்ளி விடுமுறையையும் விமான டிக்கெட்டையும் மேடை நிகழ்ச்சிக்காரர்களின் தேதியையும் பார்த்துவிட்டு விழாத் தேதியைக் குறிக்கிறோம். அதிலிருந்து 25 நாள், சில சமயம் 20 நாள் பின்னோக்கி எண்ணிப் பிடிமண் கொடுக்கிறோம். வெற்றிலை பாக்கு, பழம், காசு, ஒரு பிடி கண்மாய் மண் எல்லாம் வைத்து முறையாகத்தான் கொடுக்கிறோம். அந்தப் பிடி மண் குதிரையாக எத்தனை நாள் பிடிக்கும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

கணக்கைச் சொல்கிறோம். மண் வெட்டி, காயவைத்து, உடைத்து, ஊறவைத்து, மிதித்துப் பதமாக்க ஒரு வாரம். ஆள் உயரக் குதிரை ஒன்றைக் கால் முதல் காது வரை எழுப்ப 12 முதல் 15 நாள். நிழலில் உலர 20 நாள். சூளை வைத்து, சுட்டு, ஆறி, பிரித்தெடுக்க 3 நாள். சுண்ணாம்பு அடித்து வர்ணம் தீட்ட 5 நாள். இதுவே 50 நாள் ஆகிறது. வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை ஊருக்கு ஊர் நடக்கிற விழா இது. அந்த மாதங்களில் மாலை மழை இல்லாமல் இருக்காது. அதற்கு 10 நாள் கூட்டினால் 60. ஒரே வேளார் வீட்டில் பல குதிரைகள் வரிசையாக ஏறும்போது ஒன்று உலர்கிற நேரத்தில் இன்னொன்று எழும்பும் என்பதால் குதிரை கூடக் கூட நாள் அதே அளவில் கூடாது. ஆனால் ஒரு குதிரைக்கானாலும் இந்த நாள் வேண்டும்.

இதில் எதைச் சுருக்கினால் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டால் அவசரப்படுத்தமாட்டீர்கள்.

முதலில் மண். கண்மாயின் மேல்படிவில் இருப்பது வண்டல். அதில் மணல் அதிகம். குதிரைக்கு வேண்டியது அதற்குக் கீழே கிடக்கும் களி. கையில் எடுத்துச் சுண்டுவிரல் தடிமனுக்குத் திரித்து வளைத்துப் பார்த்தால் வெடிக்காமல் வளைய வேண்டும். வெடித்தால் மணல் கூடுதல். வளைந்தும் கையில் அப்பிக்கொண்டால் வெறும் களி, உலரும்போது பிளக்கும். மூன்று பங்கு களிக்கு ஒரு பங்கு மணல் என்று தொடங்கி, மண்ணைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். அதோடு உமி அல்லது பொடித்த வைக்கோல். உமி மண்ணுக்குள் ஈரம் வெளியேற வழி திறந்து வைக்கிறது, சூளையில் எரிந்துபோய் நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. குதிரையின் எடை குறைவதும் அதனால்தான்.

நம் பகுதி மண்ணுக்கு இன்னொரு சங்கடம் உண்டு, சுக்காங்கல் என்கிற சுண்ணாம்புக் கல். மிளகு அளவு கல் ஒன்று களிக்குள் தங்கிவிட்டாலும் நல்ல சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். குதிரை சூளையிலிருந்து முழுசாகத்தான் வரும். வர்ணமும் அடித்துவிடுவோம். பிறகு காற்றில் உள்ள ஈரத்தை அந்தச் சுண்ணாம்பு இழுத்து உப்பும். பொட்டலில் நிற்கும்போது மார்பிலோ தொடையிலோ ஒரு சில்லு தெறித்து விழும். விழுந்த குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும். சாமி குற்றம் என்று பதறுகிறவர்கள் அந்த வெள்ளைப் புள்ளியை விரலால் தொட்டுப் பாருங்கள், மாவாக உதிரும். மண்ணைக் காயவைத்துத் தட்டி, சல்லடையில் சலித்து, கையால் பொறுக்கினால்தான் இது போகும். நாள் குறைந்தால் முதலில் விடுபடுகிற வேலை இதுதான்.

மண் எடுக்க அனுமதி என்று ஒன்றும் இருக்கிறது. 2024-ல் விதியைத் தளர்த்தி, மண்பாண்டத் தொழிலுக்கும் விவசாயத்துக்கும் கண்மாய் மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி கொடுக்கலாம் என்று அரசு ஆக்கியிருக்கிறது. மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட நீர்நிலைகளில்தான் எடுக்க முடியும். உங்கள் ஊர்க் கண்மாய் அந்தப் பட்டியலில் உண்டா என்று பார்ப்பதும், மனுப் போடுவதும் ஊரின் வேலை. வேளார் ஒருவராக அலுவலகத்துக்கு நடப்பதற்கும் ஊர் சார்பில் நாலு பேர் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைத் தண்ணீர் வற்றி, கண்மாய்த் தரை வெடிக்கிற மாசி, பங்குனியிலேயே ஒரு வண்டி மண்ணை வெட்டி வேளார் வீட்டுப் பக்கம் கொட்டி வைத்துவிட்டால், விழா ஆவணியில் வந்தாலும் கவலை இல்லை. கொட்டி வைத்த மண் வெயிலும் பனியும் பட்டு இளகும், வேலைக்கு இன்னும் நன்றாக வரும்.

அடுத்து எழுப்புவது. நாலு காலும் உள்ளே குழலான உருளைகள். சுவர் கனம் ஒன்றரை விரற்கடைக்கு மேல் போகக்கூடாது, எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். கால்கள் தாங்கும் அளவுக்கு இறுகிய பிறகு வயிறு, பிறகு மார்பு, பிறகு கழுத்து. தலை பெரும்பாலும் தனியாகச் செய்து ஏற்றப்படும். ஒரு நாளைக்கு ஒரு சாண் உயரம் என்பது நிதானமான வேகம். கீழே உள்ள மண் இறுகாமல் மேலே ஏற்றினால் கால் பிதுங்கும். ரொம்ப இறுகிய பிறகு ஏற்றினால் இரண்டு மண்ணும் சேராது, ஒட்டின மாதிரி இருந்து சூளையில் பிரியும். அதனால்தான் மேல் விளிம்பை ஈரச் சாக்குப் போட்டு மூடி வைக்கிறார்கள். மறுநாள் அந்த விளிம்பைக் கீறி, குழம்பு மண் பூசி, அதன்மேல் புதுமண்ணை வைத்து உள்ளே கல்லும் வெளியே தட்டுப்பலகையுமாகத் தட்டி இறுக்குகிறார்கள். வேளார் வீட்டுக்குப் போய், "இன்னிக்கு ஏன் தலை ஏறலை?" என்று நிற்காதீர்கள். ஏறாமல் இருப்பதும் வேலைதான்.

உலர்வதில்தான் பெரும்பாலான குதிரைகள் கெடுகின்றன. களிமண் உலரும்போது நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்கு வரை சுருங்கும். ஆறடிக் குதிரை நாலைந்து அங்குலம் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு குளம்பும் தரையை நோக்கி இறங்கினால் போதாது, ஒன்றை நோக்கி ஒன்று உள்ளேயும் நகர வேண்டும். கீழே சிமென்ட் தரையாக இருந்து குளம்பு ஒட்டிக்கொண்டால் நகர முடியாமல் தொடையும் வயிறும் சேரும் இடத்தில் பிளக்கும். இதற்காகத்தான் காலுக்கடியில் சாம்பலோ பொடிமணலோ ஒரு விரல் கனத்துக்குப் பரப்புவது. அதேபோல் கீற்றுக் கொட்டகை. ஒரு பக்கம் வெயில் பட்டால் அந்தப் பக்கம் முந்திச் சுருங்கி, குதிரை அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த குதிரையைத் தோளில் தூக்கினால் எந்த மூலையில் நிற்பவருக்கு எடை விழும் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். கொட்டகைக் கீற்றுக்கும் கழிக்கும் ஆகும் செலவை வேளார் தலையில் கட்டாமல் ஊர்க் கணக்கில் எழுதுங்கள்.

இப்போது சூளை. வெளியே தொட்டால் காய்ந்தது போல் இருக்கும் குதிரைக்குள் ஈரம் இருக்கும். எங்கே என்றால், கனம் சேர்ந்த இடங்களில்: மார்பும் முன்காலும் கூடும் இடம், கழுத்தின் அடி. அந்த ஈரம் 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் போனால் வெடிக்கும். சூளைக்குள் கேட்கும் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. வயிற்றுக்கடியிலும் வாயிலும் வாலுக்குக் கீழேயும் விடுகிற துவாரங்கள் அழகுக்காக அல்ல, ஆவி போக. பெருந்தீ வைப்பதற்கு முன் அரைநாள் வைக்கோலும் உமியும் போட்டுப் புகைமூட்டம் கொடுப்பதும் அதற்குத்தான். துவாரத்துக்கு மேலே ஒரு பித்தளைத் தட்டைச் சற்று நேரம் பிடித்து எடுத்தால் அதில் வியர்வை படியக்கூடாது. படிந்தால் இன்னும் புகை வேண்டும். பெரிய குதிரைகளை நகர்த்தாமல், நின்ற இடத்திலேயே சுற்றிச் சூளை கட்டுவார்கள். வறட்டி, விறகு, தேங்காய் மட்டை அடுக்கி, மேலே வைக்கோல் பரப்பி, உடைந்த ஓட்டாஞ்சில்லு வைத்து, சேறு பூசி, அடியிலும் உச்சியிலும் கண் விடுவார்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும். காற்று தீயை ஒரு பக்கமாக இழுத்தால் மறுபக்கம் வேகாது, கருந்திட்டு விழும். மேற்கே பனையோலைத் தட்டி கட்டிக்கொள்ள வேண்டும்.

எரிந்து முடிந்ததும் பார்க்கிற ஆசையில் சூளையைப் பிரிக்கச் சொல்கிறோமே, அது பெரிய தவறு. மண்ணில் கலந்த மணலுக்கு ஒரு குணம் உண்டு. 573 டிகிரியில் அது சட்டென்று பருமன் மாறும், ஏறும்போதும் மாறும், இறங்கும்போதும் மாறும். நிதானமாக இறங்கினால் குதிரை தாங்கும். சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழும், அது ஊர்வலத்தில்தான் வாய் திறக்கும். கை வைத்தால் பொறுக்கும் சூடு வரும் வரை, அதாவது குறைந்தது மறுநாள் மாலை வரை, சூளையைத் தொடக்கூடாது. வெளியே வந்த குதிரையின் நாலு காலையும் கழுத்தையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெந்த மண் 'ணங்' என்று சொல்லும். 'தொப்' என்று கேட்கிற இடத்தில் வேகவில்லை அல்லது விரிசல் இருக்கிறது. அந்தக் குதிரையைத் தூக்குகிறவர்களிடம் எந்தக் கால் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வர்ணத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அடியில் சுண்ணாம்பு அடித்து அதன்மேல் தீட்டினால் மண் மூச்சுவிடும். எனாமல் பெயின்ட் அன்றைக்குப் பளபளக்கும், அடுத்த மழையில் ஈரம் உள்ளே சிக்கித் தோலாக உரியும்.

தூக்குவதற்கு வருவோம், ஏனென்றால் இங்கே பிழை செய்பவர்கள் நாம். ஆள் உயரக் குதிரை ஏறத்தாழ 200 கிலோ வரை வரும். தலையும் கழுத்தும் முன்னால் இருப்பதால் முன்பக்கம் எடை கூடுதல். வயிற்றின் நடுவில் மட்டும் தாங்கினால் குதிரை மூக்குக் குப்புறச் சாயும். நீளக் கழிகள் இரண்டை இரு விலாவிலும் வைத்து, மார்புக்கு அடியில் ஒன்று, பின்தொடைக்கு முன்னால் ஒன்று என்று குறுக்குக் கட்டைகள் கொடுத்து, கட்டைக்கும் மண்ணுக்கும் நடுவில் வைக்கோல் பிரியைத் தடிமனாகச் சுற்றிக் கட்ட வேண்டும். கயிறு தேங்காய் நார்க்கயிறாக இருக்கட்டும். நைலான் கயிறு நீளும், வழுக்கும், இறுக்கினால் மண்ணை அறுக்கும். கழுத்திலோ காலிலோ எந்தக் கயிறும் எடை தாங்கக்கூடாது. தூக்குகிறவர்களைத் தோள் உயரம் பார்த்து எதிரெதிரே சோடி சேருங்கள், உறவுமுறை பார்த்து அல்ல. உயரமானவர்கள் பின்னாலும் குட்டையானவர்கள் முன்னாலும் நின்றால் ஏற்கெனவே கனமான முன்பக்கம் இன்னும் இறங்கும். தோள் மாற்றுகிறவர்கள் பக்கவாட்டில் கவைக்கோலோடு நடந்துவர வேண்டும். மாற்றுவதற்கும் இறக்குவதற்கும் ஒருவர் குரல்தான். அந்தக் குரல் கேட்க வேண்டுமானால் ஒலிபெருக்கி வண்டி புரவி வரிசையை ஒட்டி வரக்கூடாது. தப்பும் கொட்டும் அடிக்கிறவர்கள் குரலைக் கேட்டு நிறுத்துவார்கள். வண்டியில் ஏற்றிய ஸ்பீக்கர் நிறுத்தாது.

இறக்குகிற இடம் எங்கே என்று முன்பே தெரிய வேண்டும். தார் ரோட்டில் அப்படியே வைத்தால் மூன்று குளம்பு படும், ஒன்று தொங்கும். எடை முழுவதும் குறுக்கே திருகி, தொங்கிய காலின் மேல்பக்கம் பிளக்கும். இறக்கும் இடங்களில் நாலு கூடை மணல் கொட்டி நிரவி வைத்தால் நாலு குளம்பும் சமமாக அழுந்தும். பொட்டலில் இரவு தங்கும் ஊர்களில் இது கட்டாயம். சிங்கம்புணரிப் பக்கம் அரண்மனை சார்பில் எடுக்கும் அரண்மனைப் புரவி முன்னால் போக, நேர்த்திக்கடன் புரவிகள் பின்னால் வருகிற முறை இருப்பதால், முதல் குதிரை இறங்கும்போது பின்னால் வரும் அத்தனை குதிரையும் தோளிலேயே நிற்க வேண்டியிருக்கும். அந்த நிற்கிற நேரத்தில்தான் தோள் நழுவுகிறது. வரிசையில் எத்தனை புரவியோ அத்தனை மணல் மேடு முன்பே தயாராக இருக்கட்டும்.

மின்கம்பியை மறக்காதீர்கள். ஆறடிக் குதிரை தோளில் ஏறினால் அதன் உச்சி ஒன்பதடியைத் தாண்டும், மாலையும் குடையும் சேர்ந்தால் இன்னும் மேலே. தெருவைக் கடந்து வீடுகளுக்குப் போகும் இணைப்புக் கம்பிகள் சில இடங்களில் அந்த உயரத்தில்தான் தொய்ந்து கிடக்கின்றன. இரண்டு வாரம் முன்னால் மின்வாரியத்துக்கு எழுதிக் கொடுத்து, பாதையை ஒரு நீள மூங்கிலோடு நடந்து அளந்து, மின்சாரம் நிறுத்தும் நேரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பச்சை மூங்கிலால் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் வழக்கம் உயிரை வாங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, சிமென்டிலோ ஃபைபரிலோ ஒன்று செய்து வைத்துவிட்டு ஆண்டுதோறும் டிராக்டரில் ஏற்றி வருவோமே என்று சில கூட்டங்களில் பேச்சு எழுந்திருக்கிறது. அப்படிச் செய்தால் பிடிமண் எதற்கு? மழை கேட்டு, கண்மாய் மண்ணை எடுத்து உருவாக்கி, தோளில் சுமந்து அய்யனாரிடம் கொடுத்துவிட்டு வருவதுதான் புரவியெடுப்பு. கொடுத்ததைத் திரும்ப வாங்கி வந்து அடுத்த ஆண்டும் கொடுப்பது நேர்த்திக்கடன் ஆகாது. நோய் தீர்ந்த வீட்டார், குழந்தை பிறந்த வீட்டார் என்று ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு குதிரையோ, மதலை என்கிற ஒரு குழந்தை உருவமோ செய்துகொடுத்ததால்தான் வரிசை நீண்டது. ஒரே ஃபைபர் குதிரை வந்தால் வரிசையே இல்லை. வேளார் வீட்டுப் பிள்ளை சக்கரத்தை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போவதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம். கடைசி நேரத்தில் வேலை சொல்லி, விழா முடிந்து மூன்று மாதம் கழித்துப் பணம் கொடுத்தால் யார் இருப்பார்கள்? மண், வைக்கோல், விறகுக்கான பணத்தைப் பிடிமண் தட்டிலேயே வைத்துக் கொடுங்கள். மீதியைக் கண் திறக்கும் அன்றே, வேட்டி துண்டு மரியாதையோடு சேர்த்துக் கையில் கொடுங்கள். சூளையில் ஒன்று வெடித்தால் அந்த நட்டத்தில் ஊருக்கும் பங்கு உண்டு என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். 60 நாள் கொடுத்த ஊரில் வெடிப்பது குறைவாகத்தான் இருக்கும்.

பிள்ளைகளுக்கு இதில் இடம் கொடுங்கள். இப்போது அவர்கள் செல்போனில் படம் எடுப்பதோடு சரி. வைக்கோல் பிரி திரிக்க ஒரு பெரியவரும் பத்துப் பிள்ளைகளும் போதும், ஒரு மாலையில் முடிந்துவிடும். வீடு வீடாகப் போய் வறட்டியும் மட்டையும் சேர்ப்பது, மண்ணில் கல் பொறுக்குவது எல்லாம் அவர்களால் முடியும். உருட்டி மிஞ்சிய களியில் சாண் உயரக் குதிரை, காளை, பாம்பு என்று செய்யவிட்டு, பெரிய சூளையின் ஓரத்தில் வைத்துச் சுட்டுக் கொடுக்கச் சொல்லி வேளாரைக் கேட்டால் மறுக்கமாட்டார். அந்தச் சின்னக் குதிரையைக் கையில் ஏந்தி வரிசையின் கடைசியில் நடந்து வருகிற பிள்ளைதான் பிற்பாடு தோள் கொடுக்க வரும். விடுமுறைக்கு வருகிறவர்களும் விழா அன்று மட்டும் வராமல், முடிந்தால் சூளை வைக்கும் நாளுக்குப் பிள்ளைகளோடு வாருங்கள்.

கோயிலில் ஏற்கெனவே நிற்கும் பழைய புரவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருப்பணி என்ற பெயரில் அவற்றை ஜேசிபி வைத்து ஒதுக்குவதும், உடைந்த கழுத்தில் சிமென்ட் வைத்துப் பூசுவதும் வேண்டாம். சிமென்ட் இறுகினால் சுட்ட மண்ணைவிடக் கடினமாகிவிடும், அதோடு ஒத்து அசையாது. சுட்ட மண் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தன்போக்கில் அசையும். இரண்டையும் ஒட்டினால் ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் புதிதாக உடையும். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் வழியில் நமணசமுத்திரம் அய்யனார் கோயிலில் நிற்கும் மண்குதிரைகளைப் பாருங்கள். எத்தனையோ தலைமுறை கொடுத்தவை வரிசையாக நிற்கின்றன, சாய்ந்தவை சாய்ந்தபடியே இருக்கின்றன. புதுப் புரவிக்கு இடம் வேண்டுமானால் பழையவற்றைக் கையால் நகர்த்தி, மரத்தடியில் ஒழுங்காக அடுக்குங்கள். வேர் பிடித்த ஆலங்கன்று, அரசங்கன்றுகளை மட்டும் முளையிலேயே எடுத்துவிடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வேளாரையும் அழைத்து, நாட்டார் பக்கத்திலேயே உட்காரவைத்து, எத்தனை குதிரை, என்ன உயரம், எத்தனை நாள் என்று அவர் வாயால் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு காலண்டரை எடுங்கள். பிடிமண் நாளை முதலில் எழுதுங்கள். அதிலிருந்து 60 நாள் எண்ணி, அதற்கப்புறம் வருகிற நல்ல நாளில் காப்புக் கட்டிப் புரவியெடுப்பு வையுங்கள். டிக்கெட்டை அதற்குப் பிறகு போடலாம்.

இப்படிக்கு,
சூளையடியிலும் புரவித் தோளிலும் வேலை பார்ப்பவர்கள்